மாஸ்டரின் நோட்டு

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில், வேலை தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மேனேஜர் அறிவித்தார். கேட்டதுமே இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நம்ம உடம்பு மேல இவருக்கு என்ன திடீர் அக்கறை?” என்று பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் கேட்டாள்.

“நல்லதுதானே அண்ணி? உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல!”

பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். உலர்த்தும் இயந்திரங்களுக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து, குனியச் சொல்வாள், நிமிரச் சொல்வாள், நடுநடுவே ஒரு நோட்டில் ஏதோ குறித்துக்கொள்வாள். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருக்கு முட்டி மடங்கவில்லை என்று பார்த்துக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று இஸ்திரிக்காரி முடிவுகட்டினாள். மூன்று மாதமாக அவளுக்கு வலது தோளில் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கையை உயர்த்தினாள். கடைசி வரிசையில் மேனேஜரும் புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி குனிந்து நிமிர்ந்தார். வேவு பார்க்கிறார் என்று நினைத்தாள்.

இரண்டாம் வாரம் மாஸ்டர் அருகில் வந்து, “நீங்க வலது கையைத் தூக்காதீங்க” என்றாள் மெதுவாக.

உயர்த்திய கை பாதியில் நின்றது. தோள்வலி வீட்டில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இடைவேளையில் நாத்தனாரைச் சோப்பு மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“நீதானே போட்டுக்குடுத்த?”

அவள் மறுக்கவில்லை. “ஆமா. அண்ணன் உங்களுக்குத் தலை பின்னிவிடறதப் பாத்தேன். பின்னல் கோணல்மாணலா இருந்துச்சு, மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் மனசு தாங்கல. நீங்களா வாயத் தொறக்கமாட்டீங்க, அதான் மாஸ்டர்கிட்ட சொன்னேன்.”

“என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!”

மறுநாள் பயிற்சி தொடங்குமுன் நேராக மாஸ்டரிடம் போய் நோட்டைக் கேட்டாள். மாஸ்டர் தயங்கித் தயங்கி அவளுடைய பக்கத்தைக் காட்டினாள். ‘வலது தோள். பளு கூடாது. சுவரில் விரல்களை மேலேற்றும் பயிற்சி, தினமும்.’ எதிர்ப்பக்கம் மேனேஜருடையது. மாஸ்டர் கையால் மறைப்பதற்குள் படித்துவிட்டாள். ‘ரத்த அழுத்தம். தனியாகச் செய்ய வெட்கப்படுகிறார்.’

அதற்கடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டார். “தோள் சரியாகுற வரைக்கும் மடிக்கிற மேசையில நில்லுங்க.”

“சரியானதும் இஸ்திரி மேசை எனக்குத்தான்னு எழுதிக் குடுங்க சார்.”

அவர் மேசையிலிருந்து ஒரு தாளை உருவினார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் சீலும் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

முதல் நான்கு நாள் நாத்தனாரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பெரிய விரிப்புகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் மடிக்க முடியும். “இழு”, “விடு” என்று தொடங்கிய பேச்சு பழையபடி வளர்ந்தது. காலையில் பயிற்சி, மத்தியானம் சுவரோரம் விரல்நடை. தோள் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எட்டாம் வாரம், எழுதிக்கொடுத்தபடியே, இஸ்திரி மேசை திரும்பக் கிடைத்தது.

அன்று மாலை அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ஊழியர்களுக்குக் கண் பரிசோதனை. அவள் நின்று இரண்டு முறை படித்தாள்.

“எதுக்காம்?” என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

“கண்ணு பாக்கத்தான் அண்ணி.”

“அது தெரியுதுடி. எதுக்கு?”