எழுநூறு ஹெர்ட்ஸ்

பதினொரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்ன முருகேஷ் கூப்பிடவில்லை. பன்னிரண்டுக்கும் கூப்பிடவில்லை.

அன்பரசி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மணி பன்னிரண்டே முக்கால். பாப்பிரெட்டிப்பட்டியில் சுள்ளென்று வெயில். ஜன்னலில் தெரிந்த சித்தேரி மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. அங்கே காலையிலிருந்து கொட்டுகிறது.

கணவன், மனைவி இருவரும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒருவர் மலையேறி, கையில் அடங்கும் சின்ன செட்டிலிருந்து, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை ஒலிக்கும் மோர்ஸ் அனுப்புவார். மற்றவர் வீட்டிலிருந்து கேட்டுப் பதில் அனுப்புவார். இன்று முருகேஷின் முறை. பத்து மணிக்கு அவர் கடைசியாக அனுப்பியது: ‘இடி நெருங்குது. பாறையிலிருந்து இறங்குறேன். பதினொன்றுக்குக் கூப்பிடுறேன்.’

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

செல்போன் அடித்தது. மலையில் கடை வைத்திருக்கும் அருள்குமார். முருகேஷின் பள்ளித் தோழன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தேடப் போனவன்.

“அண்ணி, பைக் பாறைகிட்டயே நிக்குதுங்க. ஆளைத்தான் காணோம்.”

“கூப்பிட்டுப் பாத்தீங்களா?”

“தொண்டை கட்டிப்போச்சுங்க. மழை இரைச்சல்ல எங்க கேக்குது? பாறையிலிருந்து எந்தப் பக்கம் எறங்குனாலும் ரோட்டுல நம்பர் போட்ட ஒரு சின்னப் பாலம் வரும். மொத்தம் ஏழு பாலம். எதுல போய்ப் பாக்குறது? ஓடையில வேற தண்ணி ஏறுது. டவர் இந்த வளைவுல மட்டுந்தான் கெடைக்குது. நான் இங்கயே நிக்கிறேன். தகவல் தெரிஞ்சா சொல்லுங்க.”

தகவல் இந்தப் பெட்டி வழியாக வந்தால்தான் உண்டு. ஹெட்போனில் முருகேஷ் இல்லை. மெல்லிய ‘கொர்’ மட்டும் இருந்தது. அது பக்கத்து வயல் நஞ்சப்பனின் சோலார் மோட்டார். அதன் கன்ட்ரோல் பெட்டி ஓடும்போதெல்லாம் ரேடியோவில் மாவு மில் ஓடுவதுபோல இரையும். ‘கொஞ்ச நேரம் நிறுத்துங்கண்ணா’ என்று போன வருஷம் கேட்டதற்கு, ‘உங்க டொக்கு டொக்குக்காக என் மரவள்ளி காயணுமா?’ என்று கேட்டவர் அவர். இரண்டு வீட்டுக்கும் அன்றிலிருந்து பேச்சு இல்லை.

அந்தக் கோபத்தில்தான் அன்பரசி ஃபில்டர் செய்தாள். டிபன் டப்பாவுக்குள் இரண்டு ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். ரிசீவருக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் அதை வைத்தால், எழுநூறு ஹெர்ட்ஸ் சுருதியில் வரும் ஒலியை மட்டும் உள்ளே விடும். அதற்குச் சற்று மேலோ கீழோ வருகிற எதையும் வெட்டிவிடும். முருகேஷின் மோர்ஸ் சரியாக எழுநூறில் விழும்படி இருவரும் அலைவரிசையில் ஒரு இடம் குறித்துவைத்திருந்தார்கள். ‘டீ வடிகட்டி’ என்று அவர் கேலி செய்தாலும், அது வந்த பிறகு ஒரு எழுத்துகூட அவளுக்குத் தப்பியதில்லை.

இன்று மோட்டார் இரைச்சலில்தான் அவர் அமுங்கிப்போகிறாரோ?

அன்பரசி ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் வரப்பில் ஓடினாள்.

நஞ்சப்பன் மடை திருப்பிக்கொண்டிருந்தார். “என்னம்மா, என் மோட்டார்மேல கேஸ் குடுத்திட்டு வந்தியா?”

“அண்ணா, அவரு மலையில காணாமப்போயிட்டாருண்ணா. மோட்டார நிறுத்துங்க. கால்ல வேணாலும் விழறேன்.”

மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடிப்போய் சுவிட்சை இறக்கினார். “இதை வந்ததுமே சொல்றதுக்கென்ன, அண்ணன் நொண்ணன்னு இழுத்துக்கிட்டு. நட, நட!”

சேற்றுக் காலோடு அவரும் கூடவே வந்தார்.

அன்பரசி ஹெட்போனை மாட்டினாள். ‘கொர்’ நின்றிருந்தது. தூரத்து மின்னலின் ‘சடக்’ எப்போதாவது ஒன்று. மற்றபடி சுத்தமான அமைதி.

இத்தனை நேரமும் மோட்டார்மேல் பழி போட முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. இரைச்சல் இல்லாமலும் அவருடைய ஒலி கேட்கவில்லையென்றால், அவர் கூப்பிடவே இல்லை. கூப்பிடும் நிலையில் இல்லை.

“ஒன்னுமே கேக்கலியாம்மா?” என்றார் நஞ்சப்பன். “பேட்டரி கீட்டரி தீந்துபோச்சோ என்னவோ. எங்க மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர் பேட்டரியும் அப்படித்தான், பாதி வயல்ல கைய விரிச்சிடும்.”

அன்பரசி நிமிர்ந்தாள்.

ஸ்ப்ரேயர் பேட்டரி.

நேற்று சாயங்காலம் அவள்தான் தங்கள் வீட்டு ஸ்ப்ரேயரின் பேட்டரியை முருகேஷுக்கு எடுத்துக் கொடுத்தாள். ‘கரண்ட் போனா ரிசீவருக்கு நல்ல பேட்டரி வேணுங்க. நீங்க இதைக் கொண்டுபோங்க.’ கிழட்டு பேட்டரி. வோல்ட் இறங்க இறங்க அந்தச் சின்ன செட் அலைவரிசையில் இடம் மாறும். சித்திரையில் சோதனை பார்த்தபோதே சுருதி கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப்போனதை இருவரும் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

நழுவியவரை எழுநூறில் உட்கார்ந்துகொண்டு தேடினால் எப்படிக் கிடைப்பார்? அவர் கூப்பிட்டிருப்பார். அவளுடைய டப்பாவே அவரை வெட்டி வெளியே தள்ளியிருக்கும்.

ஃபில்டர் சுவிட்சை அணைத்தாள். அருவிபோல் இரைச்சல் காதில் கொட்டியது. ட்யூனிங் குமிழை மயிரிழை மயிரிழையாகக் கீழே திருப்பினாள். ஒன்றுமில்லை. இன்னும் கீழே. இரைச்சலுக்கு அடியில் கொசு முனகுவதுபோல ஒன்று.

அவருடைய கைதான். எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இழுத்து அடிக்கும் அந்தக் கையை எந்தக் கூட்டத்திலும் அவளுக்குத் தெரியும். ஏரியல் கம்பியை மரத்தில் கட்ட முடியாமல் தரையில் வீசியிருப்பார், அவ்வளவு மெலிவு.

“இருக்காரு!” அவள் கத்தியதில் நஞ்சப்பன் துள்ளிவிட்டார்.

பென்சில் ஓடியது. ‘கல் உருண்டு கால் சிக்கியது. தண்ணீர் இடுப்புக்கு. பாலம்...’

‘சடக்’ என்று ஒரு மின்னல். பாலத்தின் எண் அதில் போயிற்று. நான்கு புள்ளி கேட்டது, அதற்குமேல் தெரியவில்லை. ஐந்தாவதாக வந்தது புள்ளியா, கோடா? கோடு என்றால் நான்கு. புள்ளி என்றால் ஐந்து.

“நாலா, அஞ்சா?” அவள் வாய்விட்டே கேட்டாள்.

“நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மூணு கிலோமீட்டரும்மா,” என்றார் நஞ்சப்பன். “தப்பாச் சொல்லிப்புடாத. போயிட்டுத் திரும்புறதுக்குள்ள தண்ணி...”

தன் டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையையும் அவர் நழுவியிருந்த இடத்துக்கு நகர்த்தி, மோர்ஸ் கீயை அடித்தாள். ‘கேட்கிறேன். எண் மட்டும். எண் மட்டும்.’

பதில் வந்தது. இன்னும் மெலிவாக, இன்னும் கீழே நழுவியபடி. அதோடு சடசடவென்று மின்னல். இந்த இரைச்சலில் ஐந்தாவது ஒலியைப் பிரிக்க எந்தக் காதாலும் முடியாது.

அன்பரசி குமிழைத் திருப்பி அவர் சுருதியை எழுநூறுக்குக் கொண்டுவந்தாள். பிறகு ஃபில்டரைப் போட்டாள்.

அருவி நின்றது. ஒற்றை ஒலி மட்டும் நூலாக மிஞ்சியது. அவர் நழுவ நழுவ, அவளும் குமிழோடு பின்னாலேயே இறங்கினாள். ஒரு நொடி பிந்தினாலும் போய்விடுவார்.

புள்ளி. புள்ளி. புள்ளி. புள்ளி. புள்ளி.

மறுபடியும் ஐந்து புள்ளிகள். மூன்றாம் முறை மூன்று புள்ளியோடு சுருதி வழுக்கி விழுந்து, அணைந்தது.

“அஞ்சு! அஞ்சாவது பாலம்!”

நஞ்சப்பன் அதற்குள் அவளுடைய செல்லில் அருள்குமாரைப் பிடித்துவிட்டார். “தம்பி, அஞ்சாவது பாலம்! அடியில, காலு மாட்டிக்கிச்சாம். கடப்பாரை கொண்டுபோங்க. ஓடுங்கடா!”

அன்பரசி ஃபில்டரைப் போட்டுக் கேட்டாள், எடுத்துவிட்டுக் கேட்டாள். எங்கும் அவர் இல்லை. பேட்டரிதான் செத்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பேட்டரி மட்டும்தான்.

ஐம்பது நிமிடம். நஞ்சப்பன் கதவோரம் குந்தியிருந்தார். காலில் சேறு காய்ந்து உதிர்ந்தது.

செல் அடித்தது. அருள்குமார் மூச்சு வாங்கினான். “எடுத்திட்டோம் அண்ணி. நெஞ்சுவரைக்கும் வந்திருச்சு தண்ணி. காலு ஒடஞ்சிருக்கு. மத்தபடி ஆளு தெளிவா இருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றோம், இந்தாங்க, பேசுங்க.”

முருகேஷின் குரல் குளிரில் உதறியது. “அன்பு... பதினொன்னுலேருந்து அடிச்சுக்கிட்டே இருந்தேன். பதிலே இல்ல. இன்னிக்கு நீ செட்டுகிட்ட உக்காரவே இல்லையோன்னு நெனச்சுட்டேன்.”

இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவர் அடிக்க அடிக்க, இவள் காதைத் தீட்டிக்கொண்டு, தன் கையால் செய்த டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

“உக்காந்துதான் இருந்தேங்க,” என்றாள். “அசையாம ஒரே எடத்துல உக்காந்திருந்தேன். அதான் தப்பு.”