ஆயில் குடித்த டிரம்

பேஸ் டிரம்மின் முன்பக்கத் தோலைக் கழற்றியதுமே லாரிப் பட்டறை வாசனை குப்பென்று அடித்தது. அமுதவல்லி மூக்கைச் சுருக்கிக்கொண்டு உள்ளே கையை விட்டுத் தடவினாள். மணிக்கட்டு வரைக்கும் கறுப்பாக வந்தது. சந்தேகமே இல்லை, டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயில். வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் வெற்றிச்செல்வன், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகத்தோடு நிமிர்ந்தான்.

"இனிமே கரையான் கிட்ட வராது. எல்லாத்துக்கும் உள்ளார நல்லா பூசி வுட்டுட்டேன்," என்றான்.

ஜவ்வாது மலையில் மரச்சாமான் வைத்திருப்பவர்களுக்குக் கரையான்தான் ஜென்ம விரோதி. உத்தரம், கதவு நிலை, ஏர், கொட்டகைத் தூண் என்று எதையும் விடாது. அதனால் கழிவு ஆயிலை டப்பாவில் வாங்கி வந்து பழந்துணியில் நனைத்து எல்லாவற்றுக்கும் பூசுவார்கள். அவள் கச்சேரிப் பாக்கிப் பணம் வாங்கத் திருப்பத்தூரில் தங்கியிருந்த சமயத்தில், மூலையில் இருந்த டிரம்மையும் மனுஷன் மரக் கணக்கில் சேர்த்துவிட்டான். அதுவும் ஆசையாக, அவளுடைய பொருள் அரிக்கக் கூடாதென்று. பொறாமையில் செய்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவள் பேசியது அச்சுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு மணியம்மாள் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவு சொன்னால் போதும்.

அந்த டிரம் செட் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அங்கே கிளப்பில் வாசித்த ஒருவரின் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது, மூட்டை மூட்டையாகப் புளியைக் கொடுத்துவிட்டு அவள் ஏற்றி வந்தாள். வெள்ளையாக இருந்த மேல்பூச்சு டீ நிறத்துக்கு வந்திருந்தது. விளிம்பில் யாரோ சிகரெட்டை வைத்துவிட்டு வாசித்த தழும்புகள். பார்க்கச் சகிக்காது. அடித்தால்தான் தெரியும். தும் என்று எழும்பி, நிதானமாகப் போய், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அடங்கும். ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். இசைக்குழு நடத்துகிற பாண்டுரங்கன் சீமைச் சரக்கு என்பார். சவுண்டு சர்வீஸ் ஆனந்தன் மெல்லிய மரம், காய்ந்து ஈரம் செத்த மரம் என்பான். வெற்றிச்செல்வன் அவள் கைராசி என்பான், அவனுக்கு அதுதான் வசதி. அமுதவல்லியின் கட்சி வேறு. யாரும் அதற்குள் எதையும் பூசவில்லை, தோலைக் கிரீச்சிடும் அளவுக்கு முறுக்கவில்லை, புத்திசாலிகள் யாரும் கை வைக்கவில்லை, அதனால்தான் அது நன்றாக இருக்கிறது என்று நம்பினாள்.

இப்போது கை வைத்தாயிற்று. தோலை மாட்டி, கால் பெடலை ஒரு மிதி மிதித்தாள். தொப். ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி.

இரண்டு நாளில் சொந்த ஊரிலேயே காளியம்மன் திருவிழாக் கச்சேரி. பாண்டுரங்கன் புதிதாக எலக்ட்ரானிக் பேட் ஒன்று வாங்கி வைத்திருந்தார். தட்டினால் உலகத்தில் உள்ள எல்லா டிரம்மும் அதற்குள்ளிருந்து வரும் என்று பெருமை வேறு. இந்தக் கச்சேரியில் பழைய பெட்டி மக்கர் பண்ணினால் இனி பேட்தான், நம்ம குழுப் பையன் சிவசங்கர் வாசிப்பான், நீ பழையபடி கோரஸுக்குப் போய்விடு என்று கறாராகச் சொல்லியிருந்தார். கோரஸ் என்றால் பளபளப்புச் சேலை கட்டிக்கொண்டு, ஓரமாக நின்று, இடுப்பை ஆட்டியபடி ஆ ஆ என்பது. டிரம்மர் ஒருவர் ஒருநாள் வராமல் போய் அந்த நாற்காலியில் உட்காரும் வரை அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். திரும்பவும் அங்கே போய் நிற்பதை நினைத்தாலே உடம்பு எரிந்தது.

சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, இரும்புச் சட்டியில் சாமைத் தவிட்டைக் கொட்டிச் சூடேற்றினாள். தவிட்டை மரத்தின் உட்புறமெல்லாம் அழுத்தி, ஆயிலை இழுத்ததும் வழித்தெறிந்து, மறுபடி புதுத் தவிடு. வெற்றிச்செல்வன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வறுத்துக் கொடுத்தான். அன்றும் மறுநாளும் இதே வேலை. மாட்டுக்கு வைத்திருந்த தவிடு முழுக்கத் தீர்ந்தது. வெளியேறின ஆயில் போக, மீதியை மரம் குடித்துவிட்டிருந்தது. இனி அது வராது.

தோலை மாட்டி, திருகுகளை வழக்கத்தைவிடத் தளர்த்தி மிதித்தாள். பழைய சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். அப்போதுதான் அடியிலிருந்து ஒன்று கேட்டது. குட்டையாக, கனமாக, தொண்டை கட்டின ஆள் அதட்டுகிற மாதிரி. மறுபடி மிதித்தாள். அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒதுக்கவும் முடியவில்லை. சிகரெட் சுட்டதும், கிளப்பில் எவனோ சாராயம் ஊற்றினதும், சுரங்கத் தூசி படிந்ததும் இதே மரத்தில்தான் என்று அவளுக்கு உறைத்தது. யாரும் கை வைக்காத பொருள் என்று இத்தனை நாள் கொண்டாடியது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அதில் வைக்காத கையே இல்லை. கடைசியாக இந்த மடையன் கை. இருக்கட்டும், இதையும் சேர்த்துத்தான் வாசிக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில், கோயிலுக்கு முன்னால் உள்ள பாறைவெளியில் பலகை மேடை தயாராக இருந்தது. டிரம் கெட்ட சேதி அதற்குள் பரவி, அவளுடைய இடத்தில் பேட் நின்றது. பாண்டுரங்கன் வெள்ளை வேட்டியில் ஆயில் பட்டுவிடாமல் எட்ட நின்று குனிந்து, டிரம்மை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, டிரம்மா கிரீஸ் டப்பாவா? போய் கோரஸ்ல நில்லு."

"கோரஸுக்கு வேற ஆள் பாத்துக்குங்கண்ணா. நான் வாசிக்க வந்தேன்."

"மேடைல எடம் இல்ல."

"கீழ இருக்குது."

ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் பாண்டுரங்கனால் அவளை விரட்ட முடியவில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வெறும் பாறைமேல் வைத்தாள். ஆனந்தன் யாரையும் கேட்காமல் பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒரு மைக்கை நட்டுவிட்டுப் போனான்.

பாண்டுரங்கன் பாட ஆரம்பித்தார். சிவசங்கர் பேடைத் தட்டினான், ஸ்பீக்கரில் டிரம் கணீரென்று வந்தது. பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடத் தொடங்கினார்கள். அமுதவல்லி பாட்டைக் கவனிக்கவில்லை, அவர்கள் பாதத்தைப் பார்த்தாள். எல்லாப் பாதமும் சேர்ந்து பாறையில் விழுகிற இடத்தில் மிதித்தாள். வட்டத்தில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அடுத்த மிதிக்கு இன்னும் சிலர். பாண்டுரங்கன் பாடிக்கொண்டே நிறுத்து என்று கையைக் காட்டினார். அமுதவல்லி பார்த்தாள், பார்த்துவிட்டு முன்னைவிட ஓங்கி மிதித்தாள். உடம்பெல்லாம் கோபமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரே தொல்லை, வழுக்குப் பாறையில் ஒவ்வொரு மிதிக்கும் டிரம் முன்னால் நகர்ந்தது. காலை நீட்டி நீட்டி எட்டவேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மிதி விட்டுப்போகும், அதோடு எல்லாம் முடிந்தது. பாண்டுரங்கன் அந்த நேரம் பார்த்துப் பாட்டை விட்டு இறங்கி, சவுண்டு மிக்சருக்கே போய், ஆனந்தனைத் தள்ளிவிட்டு, அவளுடைய மைக்கை அணைத்தார்.

ஸ்பீக்கரிலிருந்து அவள் காணாமல் போனாள். பாறையில் இருந்தாள். வெறும் காலோடு ஆடினவர்களுக்கு அது உள்ளங்காலில் கேட்டிருக்க வேண்டும், ஒருத்தியும் அடி தவறவில்லை. வட்டம் ஆடிக்கொண்டே மேடையை விட்டு விலகி, பக்கவாட்டில் நகர்ந்து, அவளை நோக்கி வந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வெற்றிச்செல்வன் ஓடிவந்தான். டிரம்முக்கு முன்னால் பாறையில் உட்கார்ந்து, அதன் இரும்புக் கால்கள் இரண்டிலும் தன் பாதங்களை முட்டுக் கொடுத்து, கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டான்.

அவள் மிதித்தாள். அவன் முழங்கால் குலுங்கியது, டிரம் நகரவில்லை. மேடையில் வெளிச்சம் மாறி மாறி எரிய, அங்கே திரும்பிய பாண்டுரங்கன் காலியான பாறைக்குப் பாடிக்கொண்டிருந்தார். பெண்களின் வட்டம் அவர்கள் இருவரையும் சுற்றி மூடிக்கொண்டது.