சாதா ரூமும் ஸ்பெஷல் ரூமும்

ஓசூர் சிப்காட்டின் கடைசி வரிசையில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் தகரக் கொட்டகைக்குள், கப்பலும் இல்லாமல் கடலும் இல்லாமல், இரண்டு கப்பல் அறைகள் அருகருகே நின்றன. ஐரோப்பாவில் எங்கோ கட்டிக்கொண்டிருந்த ஓர் உல்லாசக் கப்பலுக்கு அறைகள் செய்துகொடுக்கும் ஆர்டரைப் பிடிப்பதற்காக மாதிரிக்குச் செய்தவை. ஒன்று ஒரே அறை, அதன் கோடியில் ஒரு சின்ன பால்கனி. மற்றது விலை கூடியது. உட்கார ஓர் அறை, படுக்க ஓர் அறை, நடுவில் மரத்தடுப்பு, நீளமான பால்கனி. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பெரிய பெயர்கள் இருந்தன. கொட்டகையில் யாரும் அவற்றைச் சொல்லவில்லை. ஓட்டலில் தோசைக்குச் சொல்வதைப்போல சாதா, ஸ்பெஷல் என்றார்கள்.

இரண்டு பால்கனிகளும் கொட்டகையின் சுவரைப் பார்த்தே திறந்தன. வெள்ளைக்காரர்கள் வரும்போது வெறும் தகரம் தெரியக் கூடாது என்று மேனேஜர் சுவருக்கு நீலம் அடிக்கச் சொன்னார். என்ன நீலம் என்று பெயிண்டர் கேட்டான். கடல் நீலம் என்றார் மேனேஜர்.

“நான் கடலப் பாத்ததில்லீங்களே.”

அங்கே நின்றவர்களில் கடலைப் பார்த்தவன் பாலிஷ் போடுகிற கரியப்பன் ஒருவன்தான். ஜவளகிரிக்காரன். ஒரு மாநாட்டுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது மெரினாவில் இறங்கியிருக்கிறான். “நான் பாத்தப்ப அது சாம்பல் கலர்ல இருந்துச்சு. நனைஞ்ச எருமை மாதிரி,” என்றான். கடைசியில் ஸ்டோரில் மீதம் கிடந்த நீலத்தை அடித்தார்கள். ரேஷன் கடைக் கதவு போலிருந்தது.

ஜோதியம்மாள் சாதா ரூமுக்குத் திரைச்சீலை தைத்தாள். தீப்பிடிக்காத துணி. ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டு வெட்டி மெழுகுவத்தியில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் தையலுக்கு எடுக்க வேண்டும். துணி கருகும், சுருங்கும், ஆனால் எரியாது. அந்த வாசனை தலைமுடியில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். கப்பல் சாயும்போது திரை ஆடாமல் இருப்பதற்காக அடிமடிப்பில் ஈயக் கயிறு வைத்துத் தைப்பாள். தைக்கும்போது அதை விலக்கப்போகிறவர்கள் யார் என்று நினைத்துப் பார்ப்பாள். பனிக்கட்டிகள் மிதக்கும் ஒரு கடலில், கம்பளிக் குல்லாய் போட்ட கிழவி ஒருத்தி விடிந்ததும் எழுந்து இந்தத் திரையைத் தள்ளுவாள். வெளியே மூடுபனி தவிர ஒன்றும் இருக்காது. அப்படியும் அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள், யாரையோ கரையில் விட்டுவிட்டு வந்தவள் போல.

ஜோதியின் கணவன் தீர்த்தகிரி ஸ்பெஷல் ரூமில் தச்சன். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த தடுப்பு அவன் செய்தது. உள்ளே பஞ்சுப் பலகை அடைத்து, மேலே தேக்குச் சீவல் ஒட்டி, பக்கவாட்டில் தள்ளும் கதவு வைத்திருந்தான். கதவு தள்ளும்போது சத்தமே வராது. வேலை முடிந்த அன்றைக்கு ஜோதியை மதிய இடைவேளையில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

“காத வச்சுக் கேளு.”

“என்ன கேக்கணும்?”

“ஒண்ணும் கேக்காது. அதான் வேலை,” என்று சிரித்தான்.

கம்பெனி இரண்டு அறைகளையும் காட்டும், ஆனால் வெள்ளைக்காரர்கள் ஒன்றுக்குத்தான் ஆர்டர் கொடுப்பார்கள் என்று சூப்பர்வைசர் நூர் முகமது முன்பே சொல்லிவிட்டார். எந்த அறை தேறுகிறதோ அந்த அறையின் ஆட்கள் பர்மனெண்ட். மற்றவர்களுக்குக் காண்ட்ராக்ட் அத்தோடு முடிந்தது.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில், தீர்த்தகிரி களி உருண்டையைப் பிட்டபடி அதை விளக்கிச் சொன்னான்.

“ஸ்பெஷல் வந்தா நான் பர்மனெண்ட். நீ வேணும்னா வீட்ல இரு, இல்லேன்னா கார்மெண்ட்ஸ்ல சேந்துக்க. சாதா வந்தா?”

“நான் பர்மனெண்ட்.”

“நானு?”

“இங்கியே வேற எங்கயாச்சும்…”

“எங்க? போன வருசம் எத்தன கம்பெனி கேட்ல போயி நின்னேன், மறந்துட்டியா? நீ டூட்டிக்குப் போயி, நான் வீட்ல ஒக்காந்து களி கிண்டறதா? நேரா பாரூர்தான். எங்கண்ணன் நெலத்துல எறங்க வேண்டியதுதான்.”

பாரூர் என்றதும் ஜோதி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகி, பிறந்த ஊரான கல்லாவியிலிருந்து முதலில் அங்கேதான் போனாள். அண்ணன் வீட்டில் பெண்கள் எல்லோரும் உள்ளறையில் படுப்பார்கள். ஆண்களுக்கு மோட்டார் கொட்டகை. பகலில் கணவனிடம் பேச வேண்டுமென்றால் வரப்புக்குச் சோறு கொண்டுபோக வேண்டும், அங்கேயும் நான்கு பேர் இருப்பார்கள். அவளும் அவனும் ஒரு கூரையின் கீழ் இரண்டு பேராக இருந்தது இந்த மூக்கண்டப்பள்ளி அறையில்தான். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களின் ரேடியோ சுவர் வழியாக வரும். சமையல் புகை கட்டிலில் படியும். ஆனாலும் அவன் தூக்கத்தில் புரண்டால் அவளுக்குத் தெரியும்.

“அதனால சாமி கும்பிடறப்ப ஸ்பெஷலுக்கு வேண்டிக்க,” என்றான்.

அவள் வேண்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மலைக்கோயிலுக்கு ஏறி, தான் தைத்த திரை தோற்க வேண்டும் என்று கற்பூரம் ஏற்றினாள்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முதல்நாள் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. ஆளில்லாத அறை செத்துக்கிடப்பது போலிருக்கிறது, ஒரு ஜோடியை உட்கார வைத்தால் பயணிகள் மாதிரி இருக்கும் என்றார். யாரோ ஓர் ஆணையும் யாரோ ஒரு பெண்ணையும் உட்கார வைத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது, அதனால் உண்மையான புருஷன் பெண்டாட்டிதான் வேண்டும் என்றார் நூர் முகமது. இரண்டு அறை ஆட்களிலும் அப்படி இருந்தது தீர்த்தகிரியும் ஜோதியும் மட்டும்தான்.

அன்றைக்கு அவள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து மெஷின் வஜிஹா அவள் தோளில் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, “கப்பல் கெளம்பறதுக்குள்ள எறங்கிடுங்கக்கா, மாவு அரைக்கணும்னு சொன்னீங்களே,” என்றாள்.

முதலில் ஸ்பெஷல். தீர்த்தகிரியை முன்னறை சோபாவில் உட்கார வைத்துக் கையில் ஆங்கிலப் பேப்பரைக் கொடுத்தார்கள். ஜோதியை உள்ளறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் இரண்டு ஆண்கள், ஓர் உயரமான பெண். அவர்கள் இழுப்பறைகளை இழுத்தார்கள், மூட்டுகளில் விரலால் தடவினார்கள். பிறகு தடுப்புக் கதவைத் தள்ளி மூடிப் பார்த்தார்கள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் இருந்தார்கள், ஜோதி இந்தப் பக்கம் தனியாக இருந்தாள்.

எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி யாருக்காகவோ காத்திருந்தாள். பசை வாசனை நெஞ்சை அடைத்தது. “ஏங்க,” என்றாள் ஜோதி. பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாக, “ஏங்க, இருக்கீங்களா?” என்றாள். தன் குரல் அந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகலாம், அதற்குத் தடை ஒன்றுமில்லை. ஆனால் அசையாமல் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

பிறகு சாதா ரூம். இங்கே உட்கார வைக்க பால்கனியைத் தவிர இடமில்லை. இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு தட்டு வைக்கும் அளவுக்கு மேஜை. இருவரும் உட்கார்ந்தபோது முழங்கால்கள் முட்டிக்கொண்டன. தீர்த்தகிரி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், பின்னால் இடமில்லை. அப்படியே வைத்துக்கொண்டான். எதிரே ரேஷன் கடை நீலம்.

“மீனு ஏதாச்சும் தெரியுதா பாரு,” என்று உதடு அசையாமல் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த உயரமான பெண் அதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். பால்கனிக் கம்பியில் சாய்ந்து ஏதோ கேட்டாள். நூர் முகமது தமிழில் சொன்னார்:

“அம்மா, ரெண்டுலயும் ஒக்காந்து பாத்தீங்களே. உங்களுக்கே ஒரு ரூம் குடுத்தா எதுல தங்குவீங்கன்னு கேக்கறாங்க.”

உப்பு சரியாக இருக்கிறதா என்று ஜோதியை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். டூட்டிக்கு நேரமாகவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டைக் காட்டி எது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் சாம்பலும் பச்சையுமாக இருந்தன. அவை அவளையே பார்த்துக் காத்திருந்தன. ஜோதி கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டாள். மூடிய கதவுக்குப் பின்னால் தனியாக இருந்ததை நினைத்தாள், இப்போது காலில் உரசிக்கொண்டிருந்த முழங்காலை நினைத்தாள்.

“இதுலதாங்க,” என்றாள்.

அவன் முழங்கால் விலகியது. இடம் எங்கிருந்து கிடைத்தது என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லித் தலையசைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைப் பார்க்கப் போய்விட்டாள்.

“ஏன்க்கா, பொய் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் வஜிஹா, பிறகு.

“கேட்டாங்களே, வஜிஹா. எதுல தங்குவன்னு கேட்டாங்க.”

அடுத்த வாரம் தகவல் வந்தது. சாதா.

ஸ்பெஷல் ஆட்கள் செய்தி கேட்டு டீ டிரம்மைச் சுற்றி நின்றார்கள். ஜோதி டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தபோது பேச்சு நின்றது. கரியப்பன்தான் வாயைத் திறந்தான். “அக்கா, அடுத்த தடவ கேட்டா, கப்பலே வேணாம், டவுன் பஸ்ஸே போதும்னு சொல்லிடுங்க. மிச்சம் இருக்கறவங்களும் ஊரு போய்ச் சேரட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு தீர்த்தகிரியும் சிரித்தான். அவள் டீ பிடிக்காமலே திரும்பினாள்.

நூர் முகமது தீர்த்தகிரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “அவங்க ஊர்லயே முடிவு பண்ணிட்டுத்தான்யா ஏரோப்ளேன் ஏறியிருக்காங்க. ஸ்பெஷல அங்கியே ஒருத்தன் செய்யறானாம். இங்க வந்தது கைவேலை சுத்தமா இருக்கான்னு பாக்க.”

“அப்ப என் சம்சாரத்த எதுக்கு சார் கேட்டாங்க?”

“அது மரியாதைக்கு. வீட்டுக்கு வந்தவங்கள காபி சாப்பிடறீங்களான்னு கேக்கறதில்லயா, அந்த மாதிரி.”

தீர்த்தகிரி இதை வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினான்.

“உன்னால வரல, எனக்குத் தெரியும். அது இருக்கட்டும். உன்னக் கேட்டப்ப நீ எதச் சொன்ன?”

காரணம் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவனுடைய தடுப்பைச் சொல்ல வேண்டும். அவன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அது.

“தெரியாம வந்துடுச்சுங்க.”

“அதான். யோசிச்சிருந்தா என் ரூமச் சொல்லியிருப்ப.”

ஸ்பெஷல் ரூமைப் பிரிக்கும் வேலையை அதைச் செய்தவர்களுக்கே கொடுத்தார்கள். கடைசி வேலை. சாதா ரூமுக்கான ஆர்டர் துணி அதற்குள் வந்து இறங்கிவிட்டது, ஜோதி தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடும்போது ஒன்றும் கேட்காது. நூல் மாற்ற நிறுத்தும்போதெல்லாம் சுத்தியல் கேட்டது. தேக்குச் சீவல் பிளந்துவிடாமல் எடுக்க அவன் மெதுவாகத் தட்டினான். மற்றவர்கள் அவ்வளவு பதமாக எடுக்கவில்லை. எடுத்த பலகைகளைப் பேக்கிங் பெட்டிக்கு அறுத்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். பஞ்சு கொட்டகை முழுவதும் பறந்து அவள் மெஷின் மேலும் வந்து உட்கார்ந்தது. அவள் அதைத் தட்டிவிட்டுத் தைத்தாள்.

அவன் பாரூருக்குப் புறப்பட்ட காலையில், “நானும் வர்றேன்,” என்றாள்.

“எதுக்கு? பர்மனெண்ட் ஆச்சே, வச்சுக்க. வீட்டு வாடகைக்கும் ஆள் வேணுமில்ல.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் இன்னும் காலியாக நின்றது. அவன் உளிப்பையை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவள் கீழே நின்றாள். கண்டக்டர் கன்னடத்தில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“அன்னைக்கு அந்தக் கதவ மூடுனதும் உங்க சத்தமே வரலீங்க. ரெண்டு தடவ கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல. எனக்கு பயமாயிடுச்சு. சின்ன ரூம்ல நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அதனாலதான் அதச் சொன்னேன்.”

அவன் முழுவதையும் கேட்டான். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கணம் இறங்கிவிடுவான் என்று அவள் நினைத்தாள்.

“சத்தம் வரக்கூடாதுன்னுதானே ராவும் பகலும் பஞ்சடைச்சேன்,” என்றான். “உன் கொரல் வெளிய வந்திருந்தா மேனேஜர் என்னைய அன்னைக்கே தொரத்தியிருப்பாரு.”

அவன் சொன்னது சரிதான். கண்டக்டர் ஏறி விசிலடித்தார்.

“எப்ப வருவீங்க?”

“அறுப்பு முடியட்டும்.”

பாரூரில் ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற வரைக்கும் ஒரு வயலில் அறுக்கும்போது அடுத்த வயலில் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். நெல் ஓய்ந்தால் கரும்பு வெட்டு. அங்கே இருந்த காலத்தில், அறுப்பு முடிந்தது என்று யாரும் சொல்லி ஜோதி கேட்டதில்லை.

“சரிங்க,” என்றாள்.