இழுப்பறையில் ஓடிய கார்

மருந்துக்கடைக்காரரின் பழைய காரிலிருந்து கழற்றிய பாயிண்ட் செட், அவர் வீட்டுச் சமையலறை இழுப்பறையில் ஆரம்பித்து இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தானாகவே ஓடியது. பாயிண்ட் என்பது கட்டைவிரல் அளவு சாமான். அதில் மிளகளவு இரண்டு உலோகப் பொட்டுகள் ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரியும்போதெல்லாம் இன்ஜினுக்குள் பொறி விழும். கார் அவருடைய அப்பா வாங்கியது. மழை என்று யாராவது சொன்னாலே நின்றுவிடும் ரகம். அதனால்தான் இடதுகை மெக்கானிக் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினார். பழையதைத் துணியில் சுற்றி, "பத்திரமா வெச்சிருங்க. புதுசு மக்கர் பண்ணா இதையே திரும்ப மாட்டிக்கலாம்" என்று கொடுத்தார். எல்லா மெக்கானிக்கும் சொல்வதுதான். கடைக்காரரின் மனைவி அதை வாங்கிக் கரண்டிகளோடு போட்டுவைத்தாள்.

மறுநாள் கார் கிளம்பியதும் இழுப்பறைக்குள் டிக் டிக்கென்று சத்தம். எலி என்று நினைத்துத் துடைப்பத்தோடு திறந்தாள். பாயிண்ட் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, நடுவில் நீலப் பொறி. ஒரு வாரம் பயந்தாள், பிறகு பழகிவிட்டது. ரயில்வே கேட்டில் காத்திருந்தால் மெதுவாக அடிக்கும், பாலத்தில் ஏறினால் படபடக்கும், கடை வாசலில் நின்றுவிடும். கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது. கடை சாத்திய பிறகு கார் வீட்டுக்கு வரவில்லை. பாலம், கேட், மறுபடி பாலம் என்று சும்மா சுற்றியது. நிற்காத கார் கிடைத்த குஷியில் மனிதர் வீட்டையே மறந்துவிட்டார். வேறொருத்தி இருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்கலாம், காரைப் போய் என்ன கேட்பது? பொட்டுகளுக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினாள். சத்தம் நின்றது. சற்று நேரத்தில் கணவர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, "புதுசு போட்டும் நிக்குது பாரு" என்று மெக்கானிக்கை வைதார். அவர் கை கழுவப் போனதும் கார்டை உருவிவிட்டாள். மறுநாள் அவர் போய்ப் பார்த்தபோது கார் ஒரே சாவியில் கிளம்பியது. அதன் பிறகு அவர் வர நேரமானால் கார்டுதான்.

ஒரு நாள் சண்டை முற்றியது. "வீட்டுல உக்காந்து என்ன பண்ணச் சொல்ற? உன் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கவா?" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார். அவள் பாயிண்ட் படபடக்கும்வரை பொறுத்து, கார்டைச் செருகினாள். செருகியதுமே, பாலமாயிற்றே, பின்னால் லாரி வந்தால் என்று பதறி உருவினாள். டிக் டிக் மறுபடி ஆரம்பித்தது. அன்று அது நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. அவரும் வரவில்லை. போலீஸ் பாலத்துக்குக் கீழே ஆற்றைச் சல்லடையாகச் சலித்தும் ஒரு நட்டுகூடக் கிடைக்கவில்லை.

கடையை அவளே நடத்தினாள். பாயிண்டைக் கைப்பையில் கொண்டுபோவாள். மருந்து வாங்க வந்தவர்கள் கடிகாரம் என்று நினைத்தார்கள். மெக்கானிக்கிடம் மட்டும் காட்டினாள். அவர் காதில் வைத்துக் கேட்டு, "மூணாவது கியர். சமதரைல போறாரு" என்றார்.

"பெட்ரோல்?"

"அத அவருதான் சொல்லணும்."

திரும்பக் கார்டைச் செருகலாமா என்று கேட்டாள். "எங்க நிக்கும்னு தெரியாம எப்படிக்கா நிறுத்துறது?" என்றார். அவளும் செருகவில்லை. சத்தம் கேட்கிறவரை மனிதர் இருக்கிறார், அவ்வளவுதான். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். தலை நரைத்தது, பற்கள் போயின, கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்தாள்.

பிறகு சத்தம் தடுமாற ஆரம்பித்தது. மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பொட்டு கருகித் தேஞ்சுபோச்சுக்கா. இனிமே திணறித் திணறி எங்கயாச்சும் நடுரோட்டுல நின்னுடும்." அந்தத் திணறலை அவளால் கேட்க முடியவில்லை, யாரோ மூச்சுக்குத் தவிப்பது மாதிரி இருந்தது. ஓடுகிறபோது நிறுத்தவும் துணிவில்லை. இத்தனை வருடத்தில் எப்போதாவதுதான் சத்தம் மெதுவாகும், கேட்டில் காத்திருப்பது போல. கார்டைப் பிடித்துக்கொண்டு அதற்காக உட்கார்ந்திருந்தாள். சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மத்தியானம் மெதுவானது. செருகினாள், உருவவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. அவரைக் கொன்றுவிட்டோமோ என்று அழுதாள்.

வாசல் கேட் திறந்தது. அதே சட்டை, அதே நாற்பது வயது, கையில் சாவி. "புதுசு போட்டும் ரயில்வே கேட்டுல நின்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவளைப் பார்த்து நின்றார்.

"நீங்க யாரும்மா? வீட்டுல இவ எங்க போனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்துடுவா. கை கழுவிட்டு வாங்க."

கார் ரயில்வே கேட்டருகே அன்று கிளம்பிப்போனபடியே நின்றது. இன்ஜின் சூடு ஆறவில்லை. மெக்கானிக் அதைக் கடைக்காரர் வீட்டுக்கு இழுத்துவந்து விட்டார். தெருவில் முதலில் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அந்த அம்மாளின் சமையல் தன் மனைவியின் சமையல் மாதிரியே இருப்பதாகக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்கிறார். சாயங்காலத்தில் அவர் காரை எடுப்பதில்லை. மனைவி வருகிற நேரத்தில் தான் வீட்டில் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள் என்கிறார்.