ஜபருல்லா கடைச் சங்கு

ஜன்னத் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, மகன் பஷீரை இடுப்பில் சுமந்தபடி பினாங்கு சூலியா தெருப் பாத்திரக் கடையின் மாடிப்படி ஏறினாள். மேலே சலேஹாவின் குழந்தைக்கு நாற்பதாம் நாள். பஷீருக்கு மூன்று வயது. நடக்கவில்லை, உம்மா என்ற ஒரு சொல்லும் வரவில்லை. அவள் முந்தானையில் ஒரு சங்கு முடிந்திருந்தது, பிள்ளைக்குப் பால் புகட்டுவது. அவன் பிறந்தபோது சலேஹாவின் கணவன், அந்தக் கடைக்காரன் ஜபருல்லா சுத்தமான வெள்ளீயம் என்று சொல்லி விற்றது.

போன மாதம் ஆஸ்பத்திரி டாக்டர் பஷீரின் உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்தார். எதில் பால் கொடுக்கிறாய் என்று கேட்டு, சங்கை வாங்கித் தாளில் தேய்த்தார். பென்சிலால் இழுத்ததுபோல் கறுப்பாகக் கோடு விழுந்தது. காரீயம், விஷம் என்றார். இனி நடப்பானா என்று அவள் கேட்டபோது, அவர் சங்கைத் தாளில் சுற்றி அவளிடம் நீட்டினார்.

அன்றே கடைக்குப் போய், பஷீரின் உதட்டை விலக்கி நீலக் கோட்டைக் காட்டிக் கேட்டாள். ஜபருல்லா தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாதி பினாங்கு என் சங்குலதான் குடிக்குது. ஒங்க குடும்பத்து ரத்தத்துல கோளாறுன்னா என் ஈயம் என்னா பண்ணும்லா?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பஷீரைப் போலவே அந்தச் சிரிப்பையும் அவள் இறக்கி வைக்காமல் சுமந்துகொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் தகப்பன் கையால் பால் புகட்டுவது அந்த வீட்டு வழக்கம். மாடியில் ஜபருல்லா வந்து பாயில் உட்கார்ந்தான். தட்டில் புதுச் சங்கு இருந்தது. வெள்ளி.

ஜன்னத் முடிச்சை அவிழ்த்தாள். "சலேஹா, வெள்ளி எதுக்குலா? ஒன் மாப்பிள்ளை கடைச் சங்கு இந்தா. பாதி பினாங்கு குடிக்குது."

"அதானே, சொந்தச் சரக்க விட்டுட்டு," என்று ஒருத்தி கேலி செய்தாள்.

சலேஹா சிரித்துக்கொண்டே அதில் பாலை ஊற்றிக் கணவனிடம் நீட்டினாள். குழந்தை காலை உதைத்தது. அதைப் பார்த்தால் தன் கையே தடுக்கப் போய்விடும் என்று பயந்து, ஜன்னத் ஜபருல்லாவின் முகத்தையே பார்த்தாள்.

அவன் கை எழவில்லை.

"வேணாம். அத வையி."

"ஏங்க?"

அவன் பாயைப் பார்த்தான்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் ஜன்னத் மெதுவாக. "சலேஹா கேக்குறால்ல."

அன்று கடையில் நின்று சிரித்த ஒருத்தி, தன் கைக்குழந்தையின் உதட்டை விரலால் விலக்கி ஈறைப் பார்த்தாள். சலேஹாவின் கையில் சங்கு சாய்ந்து பால் பாயில் சொட்டியது. அதைக் கண்ட பஷீர் இடுப்பிலிருந்து முன்னே சரிந்து, வாயைத் திறந்தான்.