செங்கல் கேமரா

ஸ்டுடியோ வைத்திருக்கும் மச்சினன் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு. புதுக் கேமரா வாங்குவதற்காக அக்காவிடம் கண்ணைக் கசக்கி வாங்கிப் போன பணம். அக்கா புருஷன் தார் ரோடு போடும் வேலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது.

"பழைய கேமராவுக்கு என்னடா கேடு?" என்று அவர் அன்றைக்கே கேட்டார்.

"அது செங்கல்லு மாமா. மழையில நனைஞ்சாலும் உழைக்கணும், உள்ளது உள்ளபடி தெரியணும், அந்தக் கம்பெனிக்காரனுக்கு அவ்வளவுதான். இந்தக் கம்பெனியப் பாருங்க, இறகு கணக்கா இருக்கு. மூஞ்சியக் கண்டுபிடிச்சு அதுவே அழகாக்கிடும். கல்யாணப் பொண்ணோட சித்தியெல்லாம் என் கையப் புடிச்சுக்கிறாங்க!"

சித்திமார் அழகுக்கு நம் காசா என்று அப்போது சிரித்தார்.

போன வாரம் கொதிக்கிற தார் தெறித்து இடது கன்னம் காதுவரை வெந்தது. நஷ்டஈட்டுக்குக் காண்ட்ராக்ட் ஆபீசில் படம் கேட்டார்கள். காயத்துக் கட்டை அவிழ்த்து மச்சினனே எடுத்துக் கொடுத்தான்.

ஆபீஸ்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னய்யா, பொண்ணு பார்க்கப் போறவன் மாதிரி இருக்கே? காயம் எங்க?"

"இதோ, கட்டுக்குள்ள..."

"மேல போறது படம், உன் மூஞ்சி இல்ல. நாளைக்கு ஃபைல மூடிடுவேன்."

படத்தில் கன்னம் மெழுகின தரை போல வழவழவென்றிருந்தது. இத்தனை வருஷ வெயில்கூட அதில் இல்லை. நேரே ஸ்டுடியோவுக்குப் போய்ப் படத்தை மேஜைமேல் அறைந்தார்.

"என் மூஞ்சியத் திருத்தச் சொன்னது யார்ரா?"

"ஐயோ மாமா! கேமராவத் திறந்தா அது தானா வேலை செய்யும். கல்யாணத்துக்கு வசதின்னு நானும் அப்படியே விட்டுட்டேன்."

"தானாவா? எவனோ உக்காந்து யோசிச்சு வச்சிருக்கான்டா! இந்த மூஞ்சி லாயக்கில்ல, தேச்சு அனுப்புன்னு! வெந்தது நான். இல்லேன்னு சொல்ல அவன் யாரு? அதுக்குக் காசு குடுத்தவனும் நான்!"

"அணைச்சுட்டு இன்னொண்ணு எடுக்கிறேன்..." மச்சினன் புதுக் கேமராவை எடுக்கப் போனான்.

"அதத் தொட்டே, கை இருக்காது. செங்கல்ல எடு."

அலமாரியின் அடித்தட்டில் பழைய துணி சுற்றிக் கிடந்தது அது. வார் அறுந்திருந்தது. மச்சினன் பேட்டரியைச் சார்ஜில் போட்டான். பிறகு அவர் கட்டை அவிழ்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

கொப்புளம், உரிந்த தோல், காது மடலில் இன்னும் ஒட்டியிருந்த தார்ப்பொட்டு எல்லாம் படத்தில் இருந்தன.

"அக்கா பார்த்தா அழுவா மாமா."

"அழட்டும். அவளாவது நம்புவா."

மறுநாள் ஆபீஸ்காரர் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்திரை குத்தினார். இவர் திரும்பி ஸ்டுடியோவுக்கு வந்து, செங்கல்லைத் துணியோடு எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உன் கடன் தீர்ந்துபோச்சு."

"மாமா, அது நாலாயிரத்துக்குக்கூடப் போகாது!"

"தெரியும்டா. ரோட்டுல இருபது பேர் நிக்கிறோம். நாளைக்கு எவன் மேல என்ன தெறிக்குமோ."