நாற்பதாம் நாள் விருந்துக்கு இடமில்லை

உணவகத்தில் பணம் போடுகிறவன் சாப்பாட்டுப் பட்டியலைப் படிப்பதில்லை. திட்ட அறிக்கையில் 'மூன்றாம் ஆண்டு' என்ற பக்கத்தைத் தேடுவான். முதல் ஆண்டு நஷ்டம், இரண்டாம் ஆண்டு கையைக் கடிக்காது, மூன்றாம் ஆண்டு கொட்டும் என்று எழுதினால் தலையாட்டுவான். நஷ்டமே வராது என்று எழுதினால் நம்மைத் திருடன் என்பான். நடுவில் எங்காவது 'மறக்கமுடியாத அனுபவம்' என்று போட வேண்டும். படத்தில் தட்டு பெரிதாகவும் அதில் உணவு கொஞ்சமாகவும் இருக்க வேண்டும். தன்யூப் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் இந்தத் திட்ட அறிக்கைகளை எழுதித்தான் பிழைக்கிறேன். அவற்றை நம்பித் திறந்த கடைகள் பலவற்றில் இப்போது புறாக்கள் குடியிருக்கின்றன.

வெனெட்டாவுக்கு மட்டும் பொய் தேவைப்படவில்லை. என்னோடு பள்ளியில் படித்தவள். கல்லறைக்குப் போகும் சாலையில் நினைவு விருந்துக் கூடம் நடத்துகிறாள். எங்கள் பக்கம் ஒருவர் போய்ச் சேர்ந்தால் மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு என்று ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியை எப்போதோ மூடிவிட்டார்கள். கல்லறை வேலியைத்தான் தள்ளித் தள்ளிப் போடுகிறார்கள். மின்கம்பங்களில் இறந்தவர்களின் படங்கள் ஒட்டி ஒட்டி, ஒரு சோப்பு விளம்பரத்துக்குக்கூட இடமில்லை. நான் எழுதினேன்: 'எங்கள் வாடிக்கையாளர் ஒருமுறை வந்தால் ஐந்துமுறை வருவார். மனம் மாறமாட்டார்.' எழுதிவிட்டு நானே எழுந்து நின்று படித்துக்கொண்டேன்.

கூடத்தின் கூரை ஒழுகுகிறது. வசந்தத்துக்குள் அதை மாற்றப் பணம் வராவிட்டால் அவள் கூடத்தைப் பூட்டிவிட்டு, இத்தாலியில் பொலோனியா நகரத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு கிழவியைக் கவனித்துக்கொள்ளப் போக வேண்டும். பேச்சு முடிந்துவிட்டது. பெட்டிகூட வாங்கிவிட்டாள்.

"த்ஸான்கோவ இங்க தனியா விட்டுட்டு எப்படிடா லூபென் போவேன்?" என்றாள். த்ஸான்கோ அவள் கணவன், அந்தக் கல்லறை வேலிக்குள்தான் இருக்கிறான்.

"அவன் எங்கயும் போக மாட்டான்டி."

"அதான் சொல்றேன்."

தலைநகர் சோஃபியாவிலிருந்து கிராசென் என்ற முதலீட்டாளர் தானாகவே கூப்பிட்டார். என் தொழிலில் இது முதல்முறை. "அண்ணே, படிச்சேன். பிரமாதம். ஆனா கூடம் நிறைஞ்சிருக்கிறத ஒரு தடவ கண்ணால பாக்கணும். காகிதத்துல எல்லாக் கடையும் நிறைஞ்சுதான இருக்கு?"

ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் நாற்பதாம் நாளுக்கு அவரை வரச் சொன்னோம். மாட்ரிட்டிலிருந்து மகன் அறுபது பேருக்கு முழுப்பணமும் அனுப்பியிருந்தான். அன்று பார்த்துப் பனிமூட்டத்தில் அவன் விமானம் நின்றது. பனிக்கட்டியில் கிராமத்துப் பேருந்துகள் நின்றன. விதவை மட்டும் தனியாக வந்தாள். படையலுக்கு வேகவைத்த கோதுமையை ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனாள், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெனெட்டா அறுபது தட்டிலும் பீன்ஸ் சூப் ஊற்றி, அறுபது கோப்பையிலும் சிவப்பு ஒயின் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி இது?"

"காசு வாங்கியாச்சுல்ல? வெச்சுத்தான் ஆகணும்."

நான் ஆள் பிடிக்க ஓடினேன். ஒரு பாட்டில் ராக்கியாச் சாராயத்துக்குக் கூட்டமாக வந்து உட்கார்ந்து சிரிப்பவர்களை வைத்து நான் சில முதலீடுகளையே முடித்திருக்கிறேன். ஆனால் சதுக்கத்தில் ஒரு நாய்தான் இருந்தது. ராக்கியாவை அது குடிக்காது.

திரும்பி வந்தபோது வாசலில் சோஃபியா கார். உள்ளே கிராசென் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"உட்கார இடமே இல்லையேண்ணே" என்றார் கிசுகிசுப்பாக.

நக்கல் என்று நினைத்தேன். சோஃபியாக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"மன்னிச்சுக்கோங்க சார், பனியினால..."

"பனியிலயும் இவ்வளவு பேரா! அதுவும் எவ்வளவு அமைதி. ஒருத்தரும் கோப்பைய மோதல. செத்தவங்களுக்குன்னு முதல் சொட்ட ஒழுங்கா தரையில விட்டுட்டுத்தான் குடிக்கிறாங்க. சோஃபியாவுல இந்தப் பழக்கமெல்லாம் போச்சு."

கூடத்தைப் பார்த்தேன். நாற்காலிகள். சூப்பின் ஆவி. சுவரில் குளிர். பிறகு குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் தரைப் பலகையில் ஒரு சிவப்பு ஈரம் இருந்தது.

வெனெட்டா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளும் காலி நாற்காலிகளைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

கிராசென் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். "அக்கா, நான் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரே ஒரு நிபந்தனை. இவங்க சாப்பிட்டு முடிச்சும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க. ஒரு மேசையில ஒரு நாளைக்கு மூணு பந்தி ஓடணும், அப்பத்தான் லாபம். இன்னிக்கே ஆரம்பிங்க. அந்த ஜன்னலோர ஆள் இருக்காரே, அவர முதல்ல எழுப்புங்க."

"எந்த ஆள்?"

"நீலக் கம்பளிச் சட்டை. வலது கை கட்டைவிரல் இல்ல. நான் உட்காரலாமான்னு கேட்டேன், எடத்த விடல. சூப்புல புதினா பத்தலன்னு வேற சொல்றார். ஓசிச் சாப்பாட்டுல குறை!"

மர அறுவை ஆலையில் த்ஸான்கோவின் கட்டைவிரல் போனபோது அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது நான்தான்.

வெனெட்டா ஜன்னலைப் பார்த்தாள். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, வெளியே பனி. கண்ணைச் சுருக்கி, மறுபடி பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுடி" என்றேன் காதோரம். "எழுப்பறேன்னு சொல்லு. சும்மா சொல்லு. காலி நாற்காலிதான?"

"உனக்குக் காலி."

ஒப்பந்தத்தை மடித்து அவர் பையிலேயே செருகினாள். "தம்பி, இங்க யாரையும் எழுப்ப முடியாது. உங்க பணத்த வேற கடையில போடுங்க."

"அக்கா, இது வியாபாரம்."

"ஆமா. என்னோடது."

கிராசென் என்னைப் பார்த்தார். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நெளிந்து, "மன்னிக்கணும்... கொஞ்சம் வழி... மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

"இனி என்னத்தடி சாப்பிடுவ?" என்றேன்.

"பொலோனியாவுக்குப் போன் போடு. கிழவிக்கு வேற ஆள் பாக்கச் சொல்லு."

"கூரை?"

"ஒழுகட்டும். உன் தலையிலயா ஒழுகுது?"

அடுக்களைக்குள் போய்ப் புதினாவை நறுக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரத் தட்டில் தூவினாள். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லூபென், எனக்குச் சரியாத் தெரியல. சூப்பு கொறைஞ்சிருக்கா பாரு."

போய்ப் பார்த்தேன். குறைந்திருந்தது. நான் திரும்பியிருந்தபோது அவளே ஒரு வாய் எடுத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.